முதல் வீடு வாங்குமுன்: விலைக்கு மேலே வரும் செலவுகளுக்கும் கணக்குப் போடுங்கள்

முகாமிலும் உறவினர் வீட்டிலும் வாடகை வீட்டிலும் பல வருடங்களைக் கழித்த ஒரு குடும்பம், சொந்தமாக ஒரு காணியும் வீடும் வாங்க முடிவு செய்வது சிறிய விடயமல்ல. சீட்டுக் கட்டியும் நகையை விற்றும் வெளிநாட்டிலுள்ள சகோதரங்கள் அனுப்பியதைச் சேர்த்தும் வைத்த பணம் அது. அப்படியொரு தொகை பெரும்பாலான குடும்பங்களின் கையில் ஒருமுறைதான் சேரும். அதனால் அதைச் செலவிடுமுன் ஒரு கொப்பியையும் பேனையையும் எடுத்துக்கொண்டு குடும்பமாக உட்கார்ந்து கணக்குப் போடுங்கள். இந்தப் பகுதி அதற்கு உதவுவதற்காக எழுதப்பட்டது.

காணி பார்க்கப் போகும்போது எல்லோரும் கேட்கும் முதற் கேள்வி “என்ன விலை?” என்பது. விற்பவர் ஒரு தொகை சொல்வார், நீங்கள் குறைத்துக் கேட்பீர்கள், தரகர் நடுவில் நின்று ஒரு தொகைக்கு இரு பக்கத்தையும் இணங்க வைப்பார். அத்துடன் கணக்கு முடிந்துவிட்டது போலத் தோன்றும். ஆனால் அந்தத் தொகை விற்பவரின் கைக்குப் போகும் பணம் மட்டுமே. உறுதி எழுதுவதற்கும், அளப்பதற்கும், கூரையைத் திருத்துவதற்கும், மின்சாரம் எடுப்பதற்கும் வேண்டிய பணம் அதற்குள் இல்லை.

கையிலிருந்த பணம் முழுவதையும் விலையாகக் கொடுத்துவிட்ட குடும்பத்துக்கு இரண்டு வழிகள்தான் மிஞ்சும். ஒன்று, மிகுதிச் செலவுக்கு வட்டிக்குக் கடன் வாங்குவது. மற்றது, “பிறகு செய்வோம்” என்று பதிவையும் அளவையையும் தள்ளிப்போடுவது. முதலாவது வழி குடும்பத்தைக் கடனில் தள்ளும். இரண்டாவது வழி அதைவிட ஆபத்தானது. ஒருமுறை வீட்டை இழந்த குடும்பம், காகிதம் சரியில்லை என்பதற்காக இன்னொரு முறை வீட்டை இழக்கக்கூடாது.

ஆகவே மேலதிகச் செலவுகளை முதலில் எழுதுங்கள். விலையைப் பிறகு பேசுங்கள்.

மேலதிகச் செலவுகளை மூன்று வகையாகப் பிரித்துக்கொண்டால் கணக்குப் போடுவது இலகு.

1. காணி உங்களுடையது என்பதை உறுதிப்படுத்தும் செலவுகள்.
2. வீட்டைக் குடியிருக்கத் தக்கதாக்கும் செலவுகள்.
3. குடிபோகும் நாளுக்கும் முதல் வருடத்துக்குமான செலவுகள்.

முதலாம் வகை: காணியை உங்களுடையதாக்கும் செலவுகள்

உறுதி தேடிப் பார்த்தல்

விற்பவர் காட்டும் உறுதி உண்மையானதா, காணி அவருடையதுதானா, அதன்மேல் ஈடோ ஒற்றியோ வழக்கோ இருக்கிறதா என்பதைக் காணிப் பதிவகத்தில் தேடிப் பார்க்க வேண்டும். வழக்கமாக 30 வருடங்களுக்குக் குறையாத பதிவுகளை நொத்தாரிசு பார்ப்பார். இதற்குத் தேடற் கட்டணமும் பிரதிகளுக்கான கட்டணமும் நொத்தாரிசின் கூலியும் உண்டு.

வடக்கிலும் கிழக்கிலும் இந்தத் தேடுதல் வேறு இடங்களைவிட முக்கியமானது. 1990இலும் 1995இலும் அதற்குப் பின்னரும் இடம்பெயர்ந்து போனவர்களின் காணிகளில் வேறு குடும்பங்கள் இருந்து வந்த சந்தர்ப்பங்கள் பல உண்டு. தான் 10 வருடத்துக்கு மேலாக ஆண்டனுபவித்து வருவதாக விற்பவரே வெளிப்படுத்தி எழுதிய உறுதியைக் காட்டினால் மிகவும் அவதானமாக இருங்கள். காணியின் உண்மையான சொந்தக்காரர் பின்னொரு நாளில் திரும்பி வரலாம். போர்க்காலத்தில் தமது காணிக்குத் திரும்ப முடியாதிருந்தவர்களுக்காக 2016இல் 5ஆம் இலக்கச் சட்டம் தனியாகக் கொண்டுவரப்பட்டதும் இத்தகைய பிணக்குகள் காரணமாகவே.

தேடும்போது பின்வரும் நான்கையும் நொத்தாரிசிடம் கட்டாயம் கேளுங்கள்.

• இது உறுதிக் காணியா, அரச காணியா? கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா மாவட்டங்களின் குடியேற்றத் திட்டங்களில் பெருமளவு காணிகள் பெர்மிற் காணிகளாகவோ அளிப்புப் பத்திரம் வழங்கப்பட்ட காணிகளாகவோ உள்ளன. 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வரும் இத்தகைய காணியைப் பிரதேச செயலாளரின் எழுத்துமூலமான முன் சம்மதமின்றிக் கைமாற்ற முடியாது. சம்மதமில்லாமல் எழுதிய உறுதிக்கு எவ்வளவு பணம் கொடுத்திருந்தாலும் காணி உங்களுக்குச் சேராது.

• காணிக்குப் பங்காளிகள் உண்டா? தேசவழமைச் சட்டத்துக்கு உட்பட்ட காணியில், விற்பவரின் பங்காளிகளுக்கும் உரித்தாளர்களுக்கும் அக்காணியை முதலில் வாங்கும் உரிமை உண்டு. அவர்களுக்கு முறைப்படி அறிவித்தல் கொடுக்காமல் விற்றால் அவர்கள் நீதிமன்றத்துக்குப் போகலாம்.

• விற்பவர் மணமான பெண்ணா? தேசவழமைக்கு உட்பட்ட மணமான பெண் தனது காணியை விற்பதற்குக் கணவரின் எழுத்துமூலச் சம்மதம் தேவை. கணவர் காணாமற்போன நிலையில் உள்ள பெண்கள் நம்மிடையே பலர். அவர்கள் மாவட்ட நீதிமன்றத்தின் மூலம் அச்சம்மதத்தைப் பெறவேண்டி வரும். அதற்குக் காலமும் பணமும் செல்லும். அந்தச் செலவை யார் ஏற்பது என்பதை முற்பணம் கொடுக்குமுன் இரு பகுதியும் பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள்.

• விற்பவர் வெளிநாட்டிலா? அப்படியானால் இங்குள்ள ஒருவர் அற்றோணித் தத்துவத்தைக் கொண்டு கைச்சாத்திடுவார். அந்தத் தத்துவம் பதிவு செய்யப்பட்டதா, விற்பதற்கு அதில் அதிகாரம் கொடுக்கப்பட்டிருக்கிறதா, கொடுத்தவர் உயிருடன் இருக்கிறாரா என்று பாருங்கள். கொடுத்தவர் இறந்தால் தத்துவமும் முடிந்துவிடும்.

தேடுதலில் காணி சரியில்லை என்று தெரியவந்தால், தேடுவதற்குக் கொடுத்த சில ஆயிரம் ரூபா வீண் என்று நினைக்காதீர்கள். அந்தச் சில ஆயிரம் உங்கள் இலட்சங்களைக் காப்பாற்றியிருக்கிறது.

நில அளவை

நீண்ட காலம் ஆளில்லாமல் கிடந்த காணிகளில் வேலியும் எல்லைக்கல்லும் போயிருக்கும். “அந்தப் பனையிலிருந்து இந்தப் பூவரசு வரை” என்று கையால் காட்டுவதை நம்பி வாங்காதீர்கள். அனுமதி பெற்ற நில அளவையாளரைக் கொண்டு அளந்து, எல்லைக்கல் நட்டு, படம் எடுத்துக்கொள்ளுங்கள். 2 பரப்பு என்று சொன்ன காணி அளந்து பார்த்தால் 1¾ பரப்பாக இருக்கலாம். ஒரு பரப்பு என்பது 10 பேர்ச். குறைந்த கால் பரப்புக்கு நீங்கள் ஏன் விலை கொடுக்க வேண்டும்? அளவைக் கூலி எவ்வளவு என்பதை முன்கூட்டியே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். காணிக்குப் போகும் பாதை படத்தில் காட்டப்பட்டிருக்கிறதா என்பதையும் பாருங்கள். பக்கத்துக் காணிக்காரரின் தயவில் போய்வரும் பாதை நாளைக்கு அடைபடலாம்.

முத்திரைத் தீர்வை

மேலதிகச் செலவுகளில் பலரும் எதிர்பாராத பெரிய தொகை இதுதான். விலை உறுதி எழுதும்போது காணியின் பெறுமதியில் முதல் 100,000 ரூபாவுக்கு 3 வீதமும் மிகுதித் தொகைக்கு 4 வீதமும் முத்திரைத் தீர்வையாகச் செலுத்த வேண்டும். வழக்கத்தில் இதை வாங்குபவரே செலுத்துகிறார்.

உதாரணமாக 15 இலட்சம் ரூபா பெறுமதியான காணியை எடுத்துக்கொள்ளுங்கள்.
முதல் 100,000 ரூபாவுக்கு 3 வீதம்: 3,000 ரூபா.
மிகுதி 1,400,000 ரூபாவுக்கு 4 வீதம்: 56,000 ரூபா.
மொத்தம்: 59,000 ரூபா.

இந்தத் தீர்வையைக் குறைப்பதற்காக உறுதியில் விலையைக் குறைத்து எழுதலாம் என்று சிலர் ஆலோசனை சொல்வார்கள். அதைக் கேட்காதீர்கள். காணியின் உண்மையான பெறுமதியை மதிப்பிட்டு மிகுதித் தீர்வையை அறவிட அதிகாரிகளுக்கு உரிமை உண்டு. அதைவிட, பின்னர் பிணக்கு ஒன்று வந்து பணத்தைத் திருப்பிக் கேட்க நேர்ந்தால், நீங்கள் கொடுத்த தொகைக்கு உறுதியில் உள்ள எழுத்துத்தான் சாட்சி. 15 இலட்சம் கொடுத்துவிட்டு 6 இலட்சம் என்று எழுதியவருக்கு 6 இலட்சத்துக்குத்தான் சாட்சி இருக்கும்.

நொத்தாரிசுக் கட்டணமும் பதிவும்

நமது நாட்டில் காணி விற்பனை நொத்தாரிசு ஒருவர் முன்னிலையில், இரண்டு சாட்சிகளுடன் எழுதிக் கைச்சாத்திட்டால்தான் செல்லும். 1840ஆம் ஆண்டிலிருந்து இருந்துவரும் சட்டம் இது. விற்பதாகக் கொடுக்கும் உடன்படிக்கைக்கும் இதே விதிதான். வெள்ளைத் தாளில் எழுதி முத்திரை ஒட்டிக் கையொப்பம் வைத்து முற்பணம் கொடுப்பது வழக்கமாக இருந்தாலும், அந்தத் தாளைக் கொண்டு காணியைக் கேட்க முடியாது. முற்பணம் பெரிய தொகையானால் உடன்படிக்கையையும் நொத்தாரிசு மூலமே எழுதுங்கள். அதற்கொரு கட்டணம் வரும் என்பதையும் கணக்கில் சேருங்கள்.

உறுதி எழுதியதும் காணிப் பதிவகத்தில் பதிய வேண்டும். பதியாத உறுதியை வைத்திருப்பவருக்குப் பின்னர், அதே காணியை விற்பவர் இன்னொருவருக்கும் எழுதிக் கொடுத்து, அந்த இரண்டாமவர் முந்திப் பதிந்துவிட்டால், சட்டம் பொதுவாக முந்திப் பதிந்தவரின் பக்கமே நிற்கும். “பதிந்தாயிற்று” என்ற வாய்ச்சொல்லோடு திருப்திப்படாதீர்கள். பதிவு செய்யப்பட்ட மூல உறுதி உங்கள் கைக்கு வரும்வரை நொத்தாரிசைத் தேடிப் போங்கள்.

பதிவினால் இன்னொரு நன்மையும் உண்டு. உறுதியின் இரண்டாம் பிரதி பதிவகத்தில் இருக்கும். இடப்பெயர்வின்போது உறுதியைத் தொலைத்த எத்தனையோ குடும்பங்கள், பதிவகத்திலிருந்த பிரதியைக் கொண்டே தமது காணியைத் தமது காணி என்று நிரூபித்தன.

உறுதி யாருடைய பெயரில்?

பணம் தரும் உறவினர் வெளிநாட்டுக் குடியுரிமை பெற்று இலங்கைக் குடியுரிமையை இழந்திருந்தால், 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டப்படி அவரது பெயரில் காணி வாங்க முடியாது. இரட்டைக் குடியுரிமை உள்ளவருக்கு அந்தத் தடை இல்லை. இந்தியாவிலிருந்து திரும்பிய குடும்பங்களில் அங்கு பிறந்த பிள்ளையின் பெயரில் எழுத எண்ணினால், முதலில் பிள்ளையின் இலங்கைக் குடியுரிமைப் பதிவு முடிந்திருக்க வேண்டும். அந்தப் பதிவுக்கான கட்டணமும் பயணமும் உங்கள் பட்டியலில் இடம்பெறட்டும்.

கணவன் மனைவி இருவரது பெயரிலும் எழுதுவதைப் பற்றி நொத்தாரிசிடம் கேளுங்கள். இருவரும் சேர்ந்து உழைத்த பணத்தில் வாங்கும் வீட்டுக்கு இருவரது பெயரும் இருப்பது, ஒருவருக்கு ஏதும் நேர்ந்தால் மற்றவருக்குப் பாதுகாப்பு.

இரண்டாம் வகை: வீட்டைக் குடியிருக்கத் தக்கதாக்கும் செலவுகள்

வீட்டைப் பார்க்கப் போகும்போது ஊரில் உங்களுக்குத் தெரிந்த ஒரு மேசனையும் கூட்டிப் போங்கள். அவருக்குக் கொடுக்கும் அரைநாட் கூலி நல்ல செலவு. பின்வருவனவற்றைப் பார்த்து, ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு முடியும் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

நிலம். போர் நடந்த பகுதியானால், கண்ணிவெடி அகற்றி விடுவிக்கப்பட்ட காணியா என்பதைப் பிரதேச செயலகத்திலும் கிராம அலுவலரிடமும் உறுதி செய்யுங்கள். கிணறு வெட்டவும் அத்திவாரம் வெட்டவும் மண்ணைக் கிளறப் போகிறீர்கள். சந்தேகமான பொருள் எதையும் கண்டால் தொடாமல் பொலிசாருக்கு அறிவியுங்கள்.

கூரை. கைமரம், சிலாகை, ஓடு, சீற் ஆகியவற்றைப் பாருங்கள். கறையான் அரித்த மரம் வெளியில் வர்ணம் பூசினால் நல்லதாகத்தான் தெரியும். கத்தி நுனியால் குத்திப் பாருங்கள். வடகீழ்ப் பருவமழை ஐப்பசி, கார்த்திகையில் பலமாகப் பெய்யும். அதற்கு முன்னர் குடிபோவதானால் கூரைத் திருத்தத்தை முதலில் வையுங்கள்.

தண்ணீர். கிணற்றில் தண்ணீர் இருக்கிறதா என்பதை ஆவணி, புரட்டாதியில் பாருங்கள். மாரியில் எல்லாக் கிணற்றிலும் தண்ணீர் இருக்கும். பல வருடம் பாவிக்காத கிணறானால் இறைத்து, தூர் எடுத்து, கட்டைத் திருத்த வேண்டும். தண்ணீரைப் பரிசோதிப்பதைப் பற்றிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேளுங்கள். குடிக்க முடியாத தண்ணீரானால் குடிநீரை வாங்குவது மாதாமாதம் வரும் செலவாகிவிடும்.

மலசலகூடம். குழிக்கும் கிணற்றுக்கும் இடையில் போதிய தூரம் வேண்டும். நிவாரண வேலைகளில் 30 மீற்றர் என்ற அளவையே பின்பற்றுகிறோம். சிறிய காணிகளில் அவ்வளவு இடம் கிடைப்பது கடினம். அப்படியானால் என்ன மாதிரிக் குழி கட்டலாம் என்று கட்டுமுன்னரே பரிசோதகரிடம் ஆலோசனை பெறுங்கள். யாழ்ப்பாணக் குடாநாட்டின் சுண்ணாம்புக்கல் நிலத்தில் அழுக்கு நீர் வெகு சீக்கிரம் கிணற்றைச் சேரும். குழியை இடம் மாற்ற வேண்டி வந்தால் அதுவும் ஒரு செலவு.

மின்சாரம். அருகிலுள்ள மின்கம்பம் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று பாருங்கள். தூரம் கூடினால் இணைப்புச் செலவும் கூடும். வீட்டுக்குள் வயர் இழுக்கும் கூலி வேறு. முன்னர் இணைப்பு இருந்த வீடானால் பழைய பட்டியல் நிலுவையில் இருக்கிறதா என்று கேளுங்கள்.

பிரதேச சபை. சோலைவரி நிலுவை இருக்கிறதா என்று சபையில் விசாரியுங்கள். நிலுவை இருந்தால் விற்பவரே கட்டி, பற்றுச்சீட்டைத் தரவேண்டும் என்று பேசுங்கள். வாங்கியபின் வரி இடாப்பில் உங்கள் பெயரைப் பதிவியுங்கள். புதிதாக ஓர் அறையோ குசினியோ கட்டுவதானால் சபையின் கட்டட அனுமதி வேண்டும். அதற்குப் படமும் கட்டணமும் தேவை.

வேலி. கதியால், கிடுகு, பனையோலை, முள்ளுக்கம்பி என்று எதைப் போட்டாலும் பணம். எல்லை தெளிவானதும் வேலியைப் போடுங்கள். வேலி போடாமல் விட்ட எல்லையில்தான் அயலவரோடு பிணக்குத் தொடங்கும்.

மூன்றாம் வகை: குடிபோகும் நாளும் முதல் வருடமும்

சாமான் ஏற்றி இறக்கும் வாகனக் கூலி எல்லோருக்கும் நினைவில் வரும். மறந்துபோகும் ஒன்று உண்டு. அது உங்கள் நாட்கூலி. பதிவகம், பிரதேச செயலகம், மின்சார சபை, நொத்தாரிசு அலுவலகம் என்று அலையும் ஒவ்வொரு நாளும் வேலைக்குப் போகாத நாள். கூலி வேலை செய்யும் குடும்பத்துக்கு 8 நாள் அலைச்சல் என்பது 8 நாட் சம்பளமும் பஸ் காசும் ஆகும். அதையும் செலவாக எழுதுங்கள். ஒரே நாளில் ஒரே நகரத்தில் இரண்டு மூன்று அலுவல்களை முடிக்கத்தக்கதாகத் திட்டமிடுங்கள். அடையாள அட்டை, பிறப்பு அத்தாட்சிப் பத்திரம், விவாகப் பதிவு ஆகியவற்றின் பிரதிகளை ஒரு பையில் எப்போதும் கூடவே வைத்திருங்கள்.

பிள்ளைகள் பாடசாலை மாறினால் உடை, கொப்பி, சைக்கிள் என்று செலவு வரும். குடிபூரலுக்கு ஊரைக் கூப்பிட ஆசை இருப்பது இயல்பு. எத்தனையோ வருடத்துக்குப் பின் வந்த நாள் அது. ஆனால் கூரை திருத்த வைத்த பணத்தில் பந்தல் போடாதீர்கள். பால் காய்ச்சி, நெருங்கியவர்களோடு ஒரு நேரம் சாப்பிட்டாலும் அது குடிபூரல்தான்.

ஒரு மாதிரிக் கணக்கு

வவுனியாவில் வாடகைக்கு இருக்கும் ஒரு குடும்பம் தமது ஊரில் 2 பரப்புக் காணியும் பழைய கல்வீடும் வாங்க நினைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கையில் 17 இலட்சம் ரூபா இருக்கிறது. விற்பவர் கேட்பது 15 இலட்சம். “2 இலட்சம் மிச்சம் இருக்கிறதே” என்று குடும்பம் சந்தோசப்படுகிறது. கீழே உள்ள தொகைகளில் முத்திரைத் தீர்வை தவிர மற்றவை கணக்குப் பழகுவதற்கான மாதிரிகள் மட்டுமே. உங்கள் ஊரில் விசாரித்து உங்கள் தொகைகளை எழுதுங்கள்.

உறுதி தேடலும் பிரதிகளும்: 10,000
நில அளவை: 25,000
முத்திரைத் தீர்வை: 59,000
நொத்தாரிசுக் கட்டணமும் பதிவும்: 30,000
தரகு (2 வீதம் என்று பேசினால்): 30,000
கிணறு இறைத்துத் திருத்தல்: 20,000
மின் இணைப்பும் வயர் வேலையும்: 50,000
கூரை, கதவு, மலசலகூடத் திருத்தம்: 120,000
வேலி: 30,000
சாமான் ஏற்றி இறக்கல்: 10,000
பயணமும் இழந்த நாட்கூலியும்: 15,000
குடிபூரல்: 15,000
எதிர்பாராச் செலவுக்குக் கைகாவல்: 40,000
மொத்தம்: 454,000 ரூபா

விலையோடு சேர்த்தால் 1,954,000 ரூபா. கையில் இருப்பது 1,700,000. ஆகவே மிச்சம் என்று நினைத்த இடத்தில் 254,000 ரூபா குறைகிறது.

அந்தத் தொகையை மாதம் நூற்றுக்கு 3 ரூபா வட்டிக்கு எடுத்தால் மாதம் 7,620 ரூபா வட்டி மட்டும் போகும். வருடத்துக்கு 91,440 ரூபா. முதலில் ஒரு சதமும் குறையாது. “மூன்று வட்டி” என்று சொல்லும்போது சிறிதாகத் தெரிவது, வருடக் கணக்கில் 36 வீதம்.

இப்போது அதே கணக்கைப் பின்பக்கமிருந்து போட்டுப் பாருங்கள். கையிலுள்ள 17 இலட்சத்திலிருந்து மேலதிகச் செலவுகளை முதலில் கழியுங்கள். மிஞ்சுவது ஏறத்தாழ 12½ இலட்சம். அந்த விலைக்கு முத்திரைத் தீர்வை 49,000 ஆகவும் தரகு 25,000 ஆகவும் குறையும். மேலதிகச் செலவு 439,000, விலை 1,250,000, எல்லாம் சேர்ந்து 1,689,000 ரூபா. கடனில்லாமல் முடிகிறது. இந்தக் குடும்பம் பேசக்கூடிய உச்ச விலை 12½ இலட்சம்தான். விற்பவரிடம் போகுமுன் இந்தத் தொகை அவர்களுக்குத் தெரிந்திருந்தால், கூரையையும் கிணற்றையும் காட்டி விலையைக் குறைத்துக் கேட்கவும் முடியும், இணங்காவிட்டால் வேறு காணி பார்க்கவும் முடியும்.

பணம் போதாவிட்டால் எதைக் குறைப்பது?

குறைக்கக்கூடியவை: வர்ணப் பூச்சு, நில ஓடு, மதில், கேற், பந்தல், புதுத் தளபாடம். இவை எல்லாம் அடுத்த வருடமும் செய்யலாம். வேலிக்கும் திருத்த வேலைக்கும் உங்கள் உழைப்பையும் உறவினரின் கைமாறு உதவியையும் போட்டால் கூலி குறையும்.

ஒருபோதும் குறைக்கக்கூடாதவை: உறுதி தேடல், நில அளவை, பதிவு. இந்த மூன்றும் மாதிரிக் கணக்கில் ஒரு இலட்சத்துக்கும் குறைந்த தொகை. முழுப் பணத்தையும் காப்பவை அவைதான். மலசலகூடமும் குடிதண்ணீரும் அடுத்த இடத்தில் வரும்.

வங்கிக் கடன் எடுப்பதானால், வட்டி தவிர மதிப்பீட்டு அறிக்கை, வங்கிச் சட்டத்தரணியின் அறிக்கை, ஈட்டு உறுதி, காப்புறுதி என்று என்னென்ன கட்டணம் உண்டு என்பதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். கிழமைக்குக் கிழமை கட்ட வேண்டிய நுண்கடனை வீட்டு வேலைக்கு எடுக்காதீர்கள். கூரை போட்ட கடனைக் கூரை உழைத்துக் கட்டாது. வியாபாரத்துக்கு எடுக்கும் கடன் வேறு, வீட்டுக்கு எடுக்கும் கடன் வேறு.

வீட்டுத்திட்டத்தை எதிர்பார்ப்பவர்களுக்கு

இந்திய வீட்டுத்திட்டத்தின் கீழ் வடக்கு கிழக்கில் புதிய வீடொன்றுக்கு 550,000 ரூபா தவணை தவணையாகப் பயனாளியின் வங்கிக் கணக்குக்கு வழங்கப்பட்டது. அந்தத் தொகைக்கு ஏற்ற அளவில் கட்டியவர்கள் குடிபுகுந்தார்கள். “ஒருமுறைதானே கட்டுகிறோம்” என்று பெரிய அத்திவாரம் போட்டவர்கள் பலர் கடன்பட்டார்கள், சிலர் பூச்சும் கதவும் இல்லாமல் குடியிருக்க நேர்ந்தது. மானியம் கிடைத்தாலும் பாடம் ஒன்றுதான். அத்திவாரத்தின் அளவைத் தீர்மானிக்கும்போதே கடைசிக் கதவு வரைக்கும் கணக்குப் போடுங்கள்.

வீட்டுத்திட்டப் பட்டியலில் உங்கள் பெயர் இருந்தால், வீட்டோடு ஒரு காணியை வாங்குமுன் பிரதேச செயலகத்தில் ஒரு வார்த்தை கேளுங்கள். நிரந்தர வீடு வந்துவிட்டால் உங்கள் தகுதி மாறக்கூடும்.

முற்பணம் கொடுக்குமுன் ஒருமுறை பாருங்கள்

• காணிப் பதிவகத்தில் தேடியாயிற்றா?
• அரச காணியானால் பிரதேச செயலாளரின் சம்மதம் எழுத்தில் உண்டா?
• பங்காளிகள், கணவர், தத்துவம் பற்றிய கேள்விகளுக்குப் பதில் கிடைத்ததா?
• அளந்த படம் உண்டா? பாதை உண்டா?
• நிலம் கண்ணிவெடியிலிருந்து விடுவிக்கப்பட்டதா?
• மேசன் பார்த்த திருத்தச் செலவு எழுத்தில் உண்டா?
• சோலைவரி, மின்சார நிலுவை விசாரித்தாயிற்றா?
• எல்லாவற்றையும் கழித்து உங்கள் உச்ச விலையைக் கண்டாயிற்றா?
• குடும்பத்தில் உழைக்கும் எல்லோருக்கும் இந்தக் கணக்குத் தெரியுமா?

ஒன்றுக்கேனும் “இல்லை” என்ற பதில் வந்தால் முற்பணத்தைக் கையில் வைத்திருங்கள். “இன்றைக்கே தராவிட்டால் வேறொருவர் வாங்கிவிடுவார்” என்று அவசரப்படுத்துபவரிடம் இன்னும் அவதானம் தேவை.

உறுதியிலோ உடன்படிக்கையிலோ விளங்காதது இருந்தால் சட்ட உதவி ஆணைக்குழுவின் அலுவலகத்துக்குப் போங்கள். வருமானம் குறைந்தவர்களுக்கு அங்கு இலவசமாக ஆலோசனை கிடைக்கும். எமது கள உத்தியோகத்தர்களும் உங்களோடு இருந்து இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்க உதவுவார்கள். நீங்கள் எழுதிய கொப்பியையும் விற்பவர் தந்த உறுதியின் பிரதியையும் கொண்டு வாருங்கள்.

எல்லாம் முடிந்து உறுதி கைக்கு வந்ததும் மூன்று பிரதிகள் எடுங்கள். ஒன்று வீட்டில், ஒன்று வேறிடத்திலுள்ள நம்பிக்கையான உறவினரிடம், ஒன்று கைத்தொலைபேசியில் படமாக. உறுதி எண்ணையும், எழுதிய நொத்தாரிசின் பெயரையும், திகதியையும் உங்கள் பிள்ளைகள் அறிந்து வைத்திருக்கட்டும். இனி இடம்பெயரும் தேவை யாருக்கும் வரக்கூடாது. ஆனாலும் அந்த மூன்று விபரங்களும் தெரிந்த குடும்பம், தன் வீட்டை எங்கிருந்தும் கேட்டுப் பெறலாம்.